கூண்டில் ஒன்றுமில்லை

அக்டோபர் 16, திங்கள்

உரக்கடையில் ஜனவரியில் கொடுத்த டைரி. பத்து மாதமாக அரிசி டின் மேல் கிடந்தது. இன்றைக்கு எடுத்துத் தூசி தட்டினேன். பெண்சாதி சவுந்தரம் போய்ச்சேர்ந்தபிறகு இந்தக் குவார்ட்டர்ஸில் பேச ஆளில்லை. ரேடியோவுக்கு எவ்வளவுதான் பதில் சொல்லிக்கொண்டிருப்பது.

வளையோடை ரெகுலேட்டரில், ஆற்றின் கடைசித் தடுப்பணையில், எட்டுக் கண். எட்டு ஷட்டருக்கும் நான் ஒருத்தன்தான் லஸ்கர். ஏற்றுவது, இறக்குவது, கிரீஸ் போடுவது, ஆகாயத்தாமரை அள்ளுவது, காலையும் மாலையும் தண்ணீர் அளவு பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது. கீழ்ப்பக்கம் கடலிலிருந்து ஏறிவரும் உப்புத் தண்ணீர், மேல்பக்கம் நல்ல தண்ணீர். ரெண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முப்பத்தொரு வருஷமாக என் உத்தியோகம். தினமும் விடிந்ததும் மேல்பக்கத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஆபீஸில் கொடுத்த மீட்டர் இருக்கிறது. அது பொய் சொல்லும்.

இப்போது ஒன்பதாவதாக ஒரு கண் வந்திருக்கிறது. மீனுக்கு. வலது கரையோரம் கல்லும் சிமெண்டுமாகப் படிப்படியாக வளைந்து ஏறும் ஒரு சின்ன வாய்க்கால். கடலில் பிறந்த விலாங்குக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் இதில் ஏறி மேலே தாழங்குளம் ஏரிக்குப் போய் வளரவேண்டுமாம். ரெகுலேட்டர் கட்டின நாளிலிருந்து அதுகள் ஷட்டரில் முட்டிக்கொண்டு நிற்கின்றனவாம். மீன் ஆராய்ச்சி டாக்டர் பெனிட்டா மேடம் சொன்னார். டாக்டர் என்றதும் முதல் நாளே நான் முழங்கால் வலியைச் சொல்லிவிட்டேன். அவருக்கு ஊர் தூத்துக்குடி. என்னை அண்ணாச்சி என்கிறார். மளிகைக்கடை வைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

"படிக்கட்டு கட்டிட்டீங்க, கைப்பிடி வைக்கலியா?" என்று கேட்டேன். சிரித்தார். நல்ல பெண்.

அக்டோபர் 19

பாலத்தின் மேல் விவசாயிகள் கூட்டம். தலைவர் வைரக்கண்ணு குதி குதி என்று குதித்தார்.

"மீனுக்கு வழி வுட்டா உப்புக்கும் வழிதான். எங்க நெல்லு உப்புத் தண்ணி குடிக்குமா, இல்ல உங்க மீனு வந்து எங்களுக்குச் சோறு போடுமா?"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த ஒரு மழைக்காலம் சோதனை. அமாவாசை, பௌர்ணமி அன்று கடல் பொங்கி வரும். அந்த ராத்திரிகளில் மீன்வழியின் மேல்வாயை மாலை ஆறு மணிக்கே பலகை போட்டு அடைத்துவிட வேண்டும். மற்ற நாளில் திறந்திருக்கும். மேல்வாய்க்குப் பின்னால் கொசுவலை மாதிரி ஒரு கூண்டு. எத்தனை மீன் ஏறியது என்று தினமும் காலையில் எண்ணி, மேல்பக்கம் விட்டுவிட வேண்டும். பொங்கல் கழித்து மறுபடி கூட்டம். மீன் ஏறியிருந்து உப்பு ஏறாமல் இருந்தால் வழி இருக்கும். இல்லாவிட்டால் கான்கிரீட் போட்டு அடைத்துவிடுவார்கள்.

மேடம் முகம் சுருங்கிவிட்டது. "மீன் கூட்டமா வாறதே அந்த ரெண்டு ராத்திரியிலதான் அண்ணாச்சி. அன்னைக்குப் போய் அடைக்கச் சொல்லுதாங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பலகை போடுவது நான். கூண்டு எண்ணுவதும் நான்.

அக்டோபர் 29

நேற்று பௌர்ணமி. ஆறு மணிக்குப் பலகை போட்டாயிற்று. காலையில் கூண்டில் ஒரு நண்டு. அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கொடுக்கைத் தூக்கியது. மேலதிகாரி போலிருக்கிறது.

நவம்பர் 4

கூண்டு வலையில் நூல் பிரிந்து தொங்குகிறது என்று பிடித்து இழுத்தேன். நூல் நெளிந்தது. விலாங்குக் குஞ்சு! கண்ணாடி மாதிரி உடம்பு. அதற்குள் மிளகை உடைத்துப் போட்டதுபோல ரெண்டு கண். இன்னொன்றும் இருந்தது. மேடம் கொடுத்த வெள்ளைத் தட்டில் விட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ நடுக்கடலில் பிறந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறதாம். பஸ் மாறிப் பட்டுக்கோட்டை போய்வரவே எனக்கு இடுப்பு ஒடிகிறது.

மேல்பக்கம் விட்டேன். "போய்ட்டு வாங்க" என்று சொல்லியும் விட்டேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

நவம்பர் 6

எங்கள் இன்ஜினியர், ஜே.இ. சந்தானகோபாலன் சார், வந்தார். ரிஜிஸ்டரைப் பார்த்து, "உங்க ரிஜிஸ்டர் மாதிரி சுத்தமா எந்த ரெகுலேட்டர்லயும் இல்ல, உத்திராபதி" என்றார்.

சுத்தமாக ஏன் இருக்காது? திங்கட்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். தண்ணீர் என்ன, ஒரு விரற்கடை ஏறும், ஒரு விரற்கடை இறங்கும். இந்தக் கடைமடையில் எல்லா லஸ்கரும் இப்படித்தான். வெள்ளம் வந்தால் மட்டும் அடித்து எழுதுவோம். வேலையை விட்டதில்லை, எழுத்துதான் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

நவம்பர் 13. அமாவாசை

பலகை போட்டேன். கூண்டில் மீன் இல்லை.

நேற்று தீபாவளி. தங்கை தையல்நாயகி அதிரசம் கொண்டுவந்தாள். அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள். ரெகுலேட்டரை ஒட்டின முதல் வயல், ஆறு மா நிலம், அவளுடையது. ஒண்டியாக நின்று விவசாயம் பார்க்கிறாள். கூண்டுப் பக்கம் நான் குந்தியிருந்ததைப் பார்த்து, "யாரோடண்ணே பேசிக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். இருமினேன் என்றேன்.

நவம்பர் 21

இதுவரை மொத்தம் பத்தொன்பது விலாங்கு, ஒரு கொடுவா. மேடம் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கடித்தார்.

"இது பத்தாது அண்ணாச்சி. ஒரே ஒரு ராத்திரி கூட்டமா ஏறுச்சுன்னு காட்டினா போதும். அடைக்குற நேரத்தைக் குறைச்சுக் கேட்டு வாங்கிருவேன்."

பௌர்ணமி வருகிறது, அன்றைக்கும் அடைக்கவேண்டும். என்ன சொல்வது. டீ போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 8

மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றில் வரத்து இல்லை. எட்டு ஷட்டரையும் இறக்கி, இருக்கிற நல்ல தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறேன். மேல்பக்கம் மட்டம் இறங்கி, கீழ்ப்பக்கத்துக்குச் சமமாக நிற்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் ரெண்டு தடவைதான் இப்படிப் பார்த்திருக்கிறேன்.

தையல் வயலில் கதிர் பால் பிடிக்கிறது. ஒரு நெல்லை நசுக்கிக் காட்டினாள். "இன்னும் ரெண்டு தண்ணி காட்டிட்டா போதும்ண்ணே, கரை ஏறிடுவேன்" என்றாள்.

டிசம்பர் 11, திங்கள்

உடம்பு அனலாகக் கொதிக்கிறது. வாரத்து ரிஜிஸ்டரை எப்படியோ எழுதி முடித்தேன், நாளை அமாவாசைப் பலகை உள்பட. நாளைக்குக் கை நடுங்கினால் எழுத்து கோணிப்போகும்.

டிசம்பர் 12. அமாவாசை

ஜுரம். மாத்திரை போட்டுக்கொண்டு கவிழ்ந்தேன். எழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. கிழக்குக் காற்று கதவை அடித்துக்கொண்டிருந்தது. பலகை போட்டேனா? ஞாபகமே இல்லை. தலை சுற்றியது. ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். 'மாலை 6 மணி. அடைப்புப் பலகை போடப்பட்டது.' என் கையெழுத்து. சரி என்று படுத்துவிட்டேன்.

டிசம்பர் 13

ஜுரம் விட்டது.

பலகை கொட்டகையில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

கூண்டில் ஒன்றரை மணி நேரம் வேலை இருந்தது. தாளில் 'இல்லை' என்று எழுதினேன். பலகை போட்ட ராத்திரிகளில் அப்படித்தானே எழுதவேண்டும்.

மேல்பக்கத் தண்ணீரை இன்றைக்கு நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

டிசம்பர் 14

ஷட்டருக்கு கிரீஸ் போட்டேன். எட்டுக்கும்.

டிசம்பர் 16

தையல் வந்தாள். அமாவாசை அன்று சாயங்காலம் மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் வைத்தாளாம். தண்ணீர் நிற்கிறது, ஆனால் நெல் இலை நுனி கருகுகிறது, பூச்சியா என்று பார்க்க வரச்சொன்னாள். முழங்கால் வலி என்றேன். முழங்கால் வலித்தது உண்மைதான்.

டிசம்பர் 20

போனேன். கதிரெல்லாம் வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. நசுக்கினால் பால் இல்லை. பதர். பக்கத்தில் ரெண்டு வயலும் கொஞ்சம் அப்படித்தான், ஆனால் இவளுடையது முதல் வயல், முழுசாகப் போய்விட்டது.

அவள் அழவில்லை. வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "என்னண்ணே ஆயிருக்கும்?" என்று கேட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். "மழை இல்லாததுதான்" என்றேன்.

பலகை காய்ந்துகிடந்த அன்று விடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தண்ணீரை வடித்திருப்பாள். பாதியாவது தேறியிருக்கும்.

டிசம்பர் 23

வைரக்கண்ணு பத்துப் பேரோடு வந்தார். ஜே.இ. சாரும் வந்தார். மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். உப்பு. ரிஜிஸ்டரை எடுத்தார்கள்.

"பன்னெண்டாம் தேதி ஆறு மணிக்குப் பலகை போட்டிருக்கு. உத்திராபதி ரிஜிஸ்டர்ல தப்பு இருக்காது" என்றார் சார். "அப்ப பலகை இருந்தும் உப்பு ஏறியிருக்கு. டிசைனே கோளாறு."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார் வைரக்கண்ணு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். தையல் கூட்டத்தில் பின்னால் நின்றாள். அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். எல்லோருக்கும் டீ வாங்கிவரப் போனேன்.

டிசம்பர் 26. பௌர்ணமி

நாலு மணிக்கே பலகை போட்டேன். சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. பலகை நல்ல பலகை.

ஜனவரி 3

மேடம் வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

"டிசம்பர் பன்னெண்டுதான் இந்த சீசன்லயே பெரிய கடல் ஓதம், கிழக்குக் காத்து வேற. அன்னைக்குக் கீழ்ப்பக்கம் குஞ்சு குவிஞ்சிருக்கணும். பலகை வழியா உப்பு கசிஞ்சிருந்தா ரெண்டு மூணு மீனாச்சும் கூடவே வந்திருக்கும்லா? கூண்டுல ஒண்ணுமே இல்லையா அண்ணாச்சி?"

"இல்லை" என்றேன்.

அவர் போனபிறகு இதை எழுதுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை இந்தத் தாளுக்காவது சொல்லவேண்டும். அன்று காலை கூண்டு கண்ணும் கண்ணுமாகக் கறுத்துக்கிடந்தது. வலையே தெரியவில்லை. அப்படிப் பிசைந்து நெளிந்துகொண்டிருந்தன. தட்டில் கிண்ணம் கிண்ணமாக மொண்டு எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை. எண்ணிப் பழகிவிட்டது. விலாங்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. கொடுவா பதினேழு. ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாவற்றையும் மேலே விட்டுவிட்டு வந்துதான் 'இல்லை' என்று எழுதினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினால் பலகை போடவில்லை என்று ஆகிவிடும். பலகை போடவில்லை என்றால் தையல் வயலை நான்தான் கொன்றேன் என்று ஆகிவிடும்.

வேலைக்குப் பயந்து இல்லை. மே மாதம் ரிட்டயர்டு. தங்கை முகத்துக்குத்தான் பயந்தேன். இருக்கிறது ஒரே ஒரு உறவு.

மேடம் கேட்ட அந்த ஒரு ராத்திரி வந்துதான் போனது. நான்தான் அதை இல்லை என்று எழுதினேன்.

ஜனவரி 11. அமாவாசை

பலகை போட்டேன். கீழ்ப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரோரம் நூல் நூலாக ஒட்டிக்கொண்டு ஏறப் பார்க்கின்றன. விழுகின்றன. மறுபடி ஏறுகின்றன. பார்க்கச் சகிக்கவில்லை, வந்துவிட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். தையல் வீட்டில் கடைப் பச்சரிசியில் பொங்கினாள். விவசாயி வீட்டில் கடை அரிசி. "இன்னும் கொஞ்சம் வச்சிக்கங்கண்ணே" என்று அள்ளி வைத்தாள். ஒரு நாள் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 18

கூட்டம். பாலத்தின் மேல் நாற்காலி போட்டிருந்தார்கள். ஜே.இ. சார் வாசித்தார். ஏறிய மீன் மொத்தம் முப்பத்தெட்டு. பலகை இருந்தும் உப்பு ஏறி மூன்று வயல் பாதிப்பு. ஆகவே மீன்வழியை நிரந்தரமாக மூட முடிவு. மேடம் கையில் தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு கீழே குனிந்திருந்தார். அதைப் பார்த்து என்னால் நிற்க முடியவில்லை.

எழுந்து சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஜுரம், முன்னாலேயே எழுதியது, காய்ந்த பலகை, முந்நூற்றுப் பன்னிரண்டு, பதினேழு.

வைரக்கண்ணு சிரித்தார்.

"ஏம்பா உத்திராபதி, அந்தம்மா மேல உனக்குப் பாசம், எங்களுக்குத் தெரியும். அதுக்காக ஒன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்குவியா?"

ஜே.இ. சார் ரிஜிஸ்டரைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

கணக்குத் தாளை எடுத்தார். "'இல்லை'ன்னு எழுதியிருக்கே. இதுவும் உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன? உக்காருங்க. பெரிய மனசு உங்களுக்கு. ரிட்டயர்டு ஆவுற நேரத்துல எதுக்கு இந்த வேலை?"

கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டினார்கள். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. உடம்பெல்லாம் கூசியது.

ஜீப்பில் ஏறும்போது மேடம் மட்டும் நின்றார். "நிசமா அண்ணாச்சி? முந்நூத்துப் பன்னிரண்டா?" தலையாட்டினேன். வெகுநேரம் என்னைப் பார்த்தார். "அன்னைக்கே எழுதியிருந்தா சண்டை போட்டிருப்பேன். இனி வெறும் வாயால சொன்னா யாரு கேப்பா?" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஜனவரி 22

கான்கிரீட் போட்டார்கள். மிக்ஸருக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஊற்றினேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கூண்டைப் பிடுங்கிக் கரையில் போட்டார்கள். ஒன்றுமில்லை அதில். நிஜமாகவே ஒன்றுமில்லை.

ஜனவரி 23

சாயங்காலம் தையல் வந்தாள். கூட்டத்துக்கு அவள் வரவில்லை, வைக்கோலையாவது தேற்றலாம் என்று அறுப்பில் இருந்தாள். யாராவது சொல்லியிருப்பார்கள். நான் சோறு வடிக்க உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்தாள்.

பிறகு கேட்டாள். "அன்னைக்கு மீனாவது ஏறிப் போச்சாண்ணே?"

"என்னைக்கு?"

"பலகை போடாத அன்னைக்கு."

கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கூட்டத்தில் ஒருத்தர்கூட நம்பவில்லை. இவள் கேட்கிறாள், சந்தைக்குப் போய்வந்தவனிடம் விலை கேட்கிற மாதிரி.

"போச்சு" என்றேன். "முந்நூத்துப் பன்னெண்டு. அப்புறம் பதினேழு கொடுவா."

"அம்மாடி. அவ்வளவா?" என்றாள். "அப்ப ஏண்ணே அந்தம்மாகிட்ட அன்னைக்கே சொல்லல? பாவம், அதுக்காகத்தான அலையா அலைஞ்சிது?"

"பயம்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதாள். வயல் போன அன்று அழாதவள் இப்போது தோள் குலுங்க அழுதாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு மடையத் தொறந்துட்டு வரயிலயே நான் பாத்தேன்ண்ணே" என்றாள். "மீனு வழி வாய் தொறந்து கெடந்துச்சு, பலகையக் காணும். நானே எடுத்துப் போட்டிருப்பேன். நீங்கதான் மீனுங்களுக்காக வுட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல போட்டுடுவீங்கன்னு நெனச்சேன். அண்ணி போனப்புறம் நீங்க மொகம் மலந்து நான் பாத்ததே அந்தக் கூண்டுகிட்டதான். அதப் போயி அடைக்க மனசு வரல."

"தெரிஞ்சுமா இத்தன நாளு நீ எதுவும் கேக்கல?"

"வரப்புல வச்சிக் கேட்டேனே. நீங்க வானத்தப் பாத்தீங்க. உங்க வேலைக்கு வந்துடுமோன்னு நானும் வாயத் தொறக்கல." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லியிருந்தா, 'போவட்டும்ண்ணே, ஒரு போகந்தான'ன்னுதான் சொல்லியிருப்பேன். எனக்குப் போயி பயந்தீங்களே."

உலை பொங்கி அடுப்பு அணைந்து, சோறு குழைந்துவிட்டது. உப்புப் போட்டு மோர் ஊற்றி ரெண்டு பேரும் அதைத்தான் சாப்பிட்டோம்.